ஏழெட்டு எத்தனை?

"ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு..."

மஃரிபுத் தொழுகைக்குப் பின் நம் கடையத்துத் தெருக்களில் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து இந்த ராகம் கேட்கும். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்த வீட்டுப் பிள்ளையை வாசலுக்கு அழைத்து, "ஏழெட்டு எத்தனை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கண்களை மேலே செருகிக்கொண்டு, ஓரெட்டிலிருந்து முணுமுணுக்கத் தொடங்குவார்கள். ஏழாவது வரியை எட்டிய பின்னர்தான் விடை வெளிவரும். இடையில் எவரேனும் இருமினால் வரி தவறிவிடும். மீண்டும், ஓரெட்டு எட்டு!

கண்ணியமிக்க வாசகர்களே, குறிப்பாகத் தாய்மார்களே! இது பிள்ளையின் மந்தபுத்தி அன்று. பிள்ளை கற்றிருப்பது ஒரு பாட்டு. நாம் கேட்டதோ ஒரு கணக்கு. பாட்டை இடையில் வெட்டி எடுக்க இயலாது. வாய்பாட்டை ஒப்பிப்பது வேறு, வாய்பாட்டை அறிவது வேறு. இந்த வேற்றுமையைப் பெற்றோர் உணராத காரணத்தால்தான், "என் மகள் பத்தாம் வாய்பாடு வரை தலைகீழாகச் சொல்வாள். ஆனால் கணக்குப் பாடத்தில் மட்டும் ஏன் மதிப்பெண் வரவில்லை?" என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு எழுகின்றது.

இதை எழுதுபவன் கணித ஆசிரியன் அல்லன். கலைப்பாடத்தில் பட்டம் பெற்று, மதரஸாவில் சிறார்களுக்கு ஓதிக் கொடுப்பவன். எனினும், மனனம் செய்விப்பதே என் அன்றாடத் தொழில். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எது தங்கும், எது வழுவும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றேன். அந்தத் துணிவில்தான் இப்பொருளைக் கையில் எடுத்தேன்.

வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளை மூன்றாம் வகுப்பில் தடுமாறுவதோடு அது நிற்பதில்லை. நான்காம் வகுப்பில் 56ஐ 8ஆல் வகுக்கச் சொல்வார்கள். அது ஏழெட்டைத் திருப்பிப் போட்டது அன்றி வேறென்ன? அடுத்து 21/56 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்வார்கள். இரண்டு எண்களிலும் ஏழு ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்ட பிள்ளை 3/8 என்று உடனே எழுதிவிடும். காணாத பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். பின்னர் சதவீதம், வட்டி, விகிதம் என்று எல்லாமே இந்த ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ஆறாம் வகுப்பில், "எனக்குக் கணக்கு வராது" என்று தீர்மானித்துவிடும் மாணவியைக் கூர்ந்து விசாரித்தால், அவளுக்கு வராதது கணக்கு அன்று, ஏழாம் எட்டாம் வாய்பாடுகள்தாம் என்பது பல நேரங்களில் தெரியவரும்.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் மாநிலப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. இரண்டாம் மூன்றாம் வகுப்பில் வாய்பாடு கற்க வேண்டிய பருவத்தை வீட்டுத் திண்ணையில் கழித்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. ஆடலும் பாடலும் பொருட்களுமாக எண்ணைக் கற்பிக்கும் முறை அது. வரவேற்கத் தக்கதே. ஆனால், வகுப்பறையில் ஆசிரியர் பல பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்க உங்களைத் தவிர வேறு யார் இருக்கின்றார்கள்?

கணக்குக் கசப்பது இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் ஊர் மருமகன் பாரதியாருக்கே அது கசந்திருக்கின்றது. புதுவையை விட்டு 1918 இறுதியில் வெளியேறிய அவர், 1920 வரை துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய இந்தக் கடையத்தில் வாழ்ந்ததை அனைவரும் அறிவர். தம் 'சுயசரிதை'யில் அக்காலக் கல்வியைச் சாடும்போது, பன்னிரண்டாண்டுகள் கணிதம் பயின்றும் வானத்து மீன் ஒன்றின் நிலையைக் கூட அறியாதவர்களைப் பற்றி அவர் மனம் நொந்து கூறுகின்றார். அவர் வெறுத்தது எண்ணை அன்று. வாழ்க்கையோடு ஒட்டாத எண்ணையே வெறுத்தார் என்று நான் கொள்கின்றேன்.

வாழ்க்கையோடு ஒட்டிய எண் நம் தமிழகத்தில் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு 'எண்சுவடி' என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவன் மணலில் விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, அதைக் கற்றான். முழு எண்களின் பெருக்கல் வாய்பாடு மட்டுமா? கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று கீழ்வாய் எண்களுக்கும் வாய்பாடு இருந்தது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு என்றால், அந்தச் சிறுவர்களின் பயிற்சி எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நெல் அளப்பதற்கு நெல்லிலக்கம், பொன் நிறுப்பதற்குப் பொன்னிலக்கம், நிலம் அளப்பதற்குக் குழிமாற்று. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று அறிந்த சிறுவனுக்கு, எட்டாம் வாய்பாடும் பன்னிரண்டாம் வாய்பாடும் களத்து மேட்டிலேயே கிடந்தன.

இத்திண்ணைப் பள்ளிகளின் கணக்கை ஆராய்ந்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு. தென்னிந்தியாவின் எண்களையும் அளவைகளையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. அங்கே மனனம் என்பது பொருள் அறியாத கிளிப்பிள்ளைப் பாடம் அன்று, கணக்கைப் போட்டுத் தீர்க்கும் திறனுக்கான முறையான பயிற்சியே அது என்பது அவர் எடுத்துக்காட்டும் கருத்து. பிற்காலப் பள்ளிக்கூடங்கள் அந்த ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, களத்து மேட்டை விட்டுவிட்டன என்பது என் எண்ணம்.

ஆகவே, மனனம் வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்லன். மனனம் கட்டாயம் வேண்டும். ஆனால் எதை, எவ்வளவு, எவ்வாறு என்பதில்தான் சூட்சுமம் உள்ளது.

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். ஒன்றிலிருந்து பத்து வரை பத்து வாய்பாடு, வாய்பாட்டுக்குப் பத்து வரி. ஆக 100 வரிகள். பிள்ளையின் கண்ணுக்கு இது தோரணமலை போலத் தெரிகின்றது. இந்த மலையைப் பெயர்த்துவிடலாம் வாருங்கள்.

ஒன்றாம் வாய்பாட்டில் கற்க ஏதுமில்லை. பத்தாம் வாய்பாடு சுழியம் சேர்ப்பதுதான். அவ்விரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது 64. இனி ஒரு தட்டில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை அடுக்குங்கள். எண்ணினால் 21. அந்தத் தட்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள். இப்போது வரிசைக்கு மூன்றாக ஏழு வரிசை! கொட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூவேழும் ஏழு மூன்றும் ஒன்றே. இதைப் பிள்ளை தன் கண்ணால் காண வேண்டும். நீங்கள் வாயால் சொன்னால் ஏறாது. கண்டுகொண்ட அந்த நொடியில் 64 என்பது 36 ஆகிவிடுகின்றது.

இந்த 36இல் இரண்டாம் வாய்பாட்டைச் சேர்ந்தவை எட்டு. அது வெறும் இரட்டிப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். மீதி 28. ஐந்தாம் வாய்பாட்டில் மீந்தவை ஏழு. பத்தாம் வாய்பாட்டில் பாதிதான் ஐந்தாம் வாய்பாடு. கடிகாரத்து நிமிடமுள்ளும் அதையே கற்றுக்கொடுக்கின்றது. மீதி 21. ஒன்பதாம் வாய்பாட்டில் ஆறு. ஒன்பது என்பது பத்துக்கு ஒன்று குறைவு. ஒன்பது எட்டு எத்தனை என்றால், பத்து எட்டு எண்பது, அதில் ஓர் எட்டைக் கழித்தால் 72. விடையின் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வருகின்றதா என்று பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளலாம். மீதி 15. மூன்றாம் வாய்பாட்டில் ஐந்து. இரட்டித்து, மேலும் ஒரு முறை சேர்த்தால் மூன்று மடங்கு. மீதி 10. நான்காம் வாய்பாட்டில் நான்கு. இரட்டித்ததை மீண்டும் இரட்டித்தால் நான்கு மடங்கு.

மிஞ்சியவை எத்தனை? ஆறே ஆறு! ஆறாறு 36, ஆறேழு 42, ஆறெட்டு 48, ஏழேழு 49, ஏழெட்டு 56, எட்டெட்டு 64. நம் வீட்டுப் பிள்ளைகளை அழவைத்துக்கொண்டிருப்பவை இந்த ஆறும்தான். இவற்றுக்கும் வழி உண்டு. எட்டெட்டுக்கு எட்டை மூன்று முறை இரட்டியுங்கள்: 16, 32, 64. ஆறெட்டுக்கு ஐயெட்டு நாற்பதோடு ஓர் எட்டு. ஏழேழுக்கு ஐயேழு முப்பத்தைந்தோடு ஈரேழு பதினான்கு. ஏழெட்டுக்கோ ஒரு வேடிக்கையே இருக்கின்றது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 56 என்பது 7 பெருக்கல் 8!

(பேச்சு வழக்கில் 'ஏழெட்டுப் பேர் வந்தார்கள்' என்றால் ஏழோ எட்டோ என்று பொருள். 'ஏழெட்டு எத்தனை' என்று கேட்டதும் சிறு பிள்ளை விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் முறை, 'ஏழு பேருக்கு ஆளுக்கு எட்டு' என்று விரித்துக் கேளுங்கள்.)

இந்த ஆறு எண்களுக்கும் உதவும் ஒரு விரல் வித்தை இருக்கின்றது. ஏழையும் எட்டையும் பெருக்க வேண்டுமா? ஏழு என்பது ஐந்துக்கு மேல் இரண்டு. ஆகவே இடக்கையில் இரண்டு விரல்களை நீட்டி மூன்றை மடக்குங்கள். எட்டு என்பது ஐந்துக்கு மேல் மூன்று. வலக்கையில் மூன்றை நீட்டி இரண்டை மடக்குங்கள். நீட்டிய விரல்கள் மொத்தம் ஐந்து. அவை ஐந்து பத்துகள். மடக்கியவை இடக்கையில் மூன்று, வலக்கையில் இரண்டு, மூவிரண்டு ஆறு. ஐம்பதும் ஆறும் ஐம்பத்தாறு. ஆறாறுக்கு நீட்டியவை இரண்டு, அதாவது இருபது. மடக்கியவை நான்கும் நான்கும், அதாவது பதினாறு. கூட்டினால் 36. செய்து காட்டுங்கள். பிள்ளை ஒரு நாள் முழுவதும் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே திரியும்.

இவ்வித்தையின் விதியை 'குலாஸத்துல் ஹிஸாப்' என்னும் அரபி நூலிலும் காணலாம். பஹாவுத்தீன் அல்ஆமிலி (1547-1621) எழுதிய கணித நூல் அது. இந்திய மதரஸாக்களில் பரவிய 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தில் தப்ஸீர், ஃபிக்ஹு நூல்களோடு இந்தக் கணக்கு நூலும் பாடமாக இருந்தது. மார்க்கக் கல்வி கற்பவன் கணக்கையும் கற்கக் கடமைப்பட்டவன் என்று அன்றைய உலமாக்கள் கருதினார்கள். மதரஸா வேறு, கணக்கு வேறு என்று இன்று நினைப்போர் இதைச் சிறிது சிந்திப்பார்களாக.

இனி, எவ்வாறு என்பதற்கு வருவோம். இங்குதான் ஹிஃப்ழு மதரஸாவின் அனுபவம் கைகொடுக்கும் என்று உறுதியாக நம்புகின்றேன்.

குர்ஆனை மனனம் செய்யும் மாணவன் நாள்தோறும் மூன்று வேலைகளைச் செய்கின்றான். புதிதாகச் சில வரிகளை ஓதிக் கொடுக்கின்றான். அது அன்றைய சபக். அண்மையில் மனனம் செய்த பகுதியை ஒப்புவிக்கின்றான். அதன் பின், என்றோ முடித்த பழைய பகுதிகளை முறைவைத்துத் திருப்பி ஓதுகின்றான். இம்மூன்றாவதை விட்டவன் முன்னே செல்லச் செல்லப் பின்னே இழந்துகொண்டே போவான். மனனத்தைக் காப்பது திருப்புதல்தான் என்பதை மதரஸா வாசல் மிதித்த எவரும் அறிவர். ஆனால், வாய்பாட்டில் மட்டும் நாம் என்ன செய்கின்றோம்? ஏழாம் வாய்பாடு முடிந்ததா, சரி, எட்டுக்குப் போ என்கின்றோம். எட்டு வரும்போது ஆறு மறந்திருக்கின்றது. உடனே, 'படித்ததெல்லாம் எங்கே போயிற்று' என்று ஏசுகின்றோம்.

வாய்பாட்டையும் ஹிஃப்ழு முறையிலேயே நடத்துங்கள். நாளுக்குப் புதிதாக ஒரே ஒரு விடை போதும். இன்று ஆறேழு 42. அதன் பின் இவ்வாரம் கற்ற நான்கைந்தைக் கலந்து கேளுங்கள். கடைசியாகப் பழையவற்றிலிருந்து ஆறேழு கேள்விகள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைத்து நெட்டுருப் போடச் செய்வதைக் காட்டிலும், நாள்தோறும் பத்து நிமிடம் பன்மடங்கு பயன் தரும்.

ஒரு வேற்றுமையை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். இறைமறையின் வரிசை மாற்ற முடியாதது. வாய்பாட்டின் வரிசையோ உடைக்கப்பட வேண்டியது. நல்ல உஸ்தாத் ஹாஃபிழைச் சோதிக்கும்போது, அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கேட்பதில்லை. நடுவிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்து, 'இங்கிருந்து ஓதுங்கள்' என்பார். வாய்பாட்டையும் நடுவிலிருந்தே கேளுங்கள். ஆறெட்டு? மூவொன்பது? ஏழேழு? பின்பு திருப்பிக் கேளுங்கள்: 48 எந்த எந்த எண்களின் பெருக்கம்? ஆறும் எட்டும் என்று பிள்ளை சொன்னால் மகிழுங்கள். நான்கும் பன்னிரண்டும் என்று சேர்த்துச் சொன்னால் கையில் ஒரு மிட்டாயை வையுங்கள்.

விடை வராதபோது என்ன செய்வது? 'தெரியவில்லையா, உனக்குத் தெரிந்ததிலிருந்து வா' என்று சொல்லுங்கள். ஆறேழு மறந்துவிட்டது, ஐயேழு நினைவிருக்கின்றதல்லவா? முப்பத்தைந்து. அதோடு ஓர் ஏழு? இவ்வாறு இரண்டு மூன்று முறை நடந்து வந்த வழியைப் பிள்ளை மறப்பதில்லை. நேராக விடையைச் சொல்லிக் கொடுத்தால் அப்போதைக்கு வேலை முடியும். மறுநாள் அதே கேள்வி அதே இடத்தில் நிற்கும்.

அடிப்பதைப் பற்றி ஒரு சொல். 'முதுகில் இரண்டு வைத்தால்தான் வாய்பாடு வரும்' என்று பெருமையாகப் பேசும் வாப்பாமார் இன்னும் இருக்கின்றார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைக்கு உடல் தண்டனை தருவதையும் மன உளைச்சல் ஏற்படுத்துவதையும் பள்ளிகளில் தடை செய்துள்ளது. பள்ளியில் கூடாதது வீட்டில் மட்டும் எப்படிக் கூடும்? சட்டம் கிடக்கட்டும். அச்சத்தில் இருக்கும் பிள்ளையின் சிந்தனை ஏழெட்டில் இருக்குமா, ஓங்கிய கையில் இருக்குமா? 'உன் ராத்தா இந்த வயதில் பதினாறாம் வாய்பாடு சொன்னாள்' என்று ஒப்பிட்டுப் பேசுவதும் ஒருவகை அடிதான்.

அந்த ராத்தாவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். தம்பிக்கு அவளையே உஸ்தாதாக்குங்கள். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளிகளின் சொத்து. சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இதைப் பற்றி அவர் நூல் எழுத, இங்கிலாந்துப் பள்ளிகளில் இது 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. கற்பிப்பவள் இருமுறை கற்கின்றாள். தம்பியின் வாய்பாட்டால் ராத்தாவின் வாய்பாடும் துலங்கும்.

இப்போது சில தாய்மார்கள் மனத்துள் ஒரு தயக்கம் எழுந்திருக்கும். 'பிள்ளை படிப்பதோ இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அவன் செவன் எய்ட்ஸ் ஆர் என்று ஏதோ சொல்கின்றான். ஐந்தாவதோடு நின்ற எனக்கு என்ன தெரியும்?'

உம்மாமார்களே, உங்கள் கையில் இருப்பது தங்கம். தமிழின் எண்ணுப் பெயர்கள் தம் பொருளைத் தாமே சொல்பவை. ஐம்பத்தாறு என்றால் ஐந்து பத்தும் ஓர் ஆறும். பெயரிலேயே கணக்கு இருக்கின்றது. உருதுவில் ஐம்பத்தாறை 'சப்பன்' என்பார்கள். ஒன்று முதல் நூறு வரை ஏறத்தாழ ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மனனம் செய்தாக வேண்டும். அரபியில் ஆறை முன்னும் ஐம்பதைப் பின்னும் சொல்ல வேண்டும். தமிழில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டுமே சற்று வம்பு செய்பவை. ஆகவே வீட்டில் தமிழிலேயே கேளுங்கள். எழுதும்போது 56 எல்லா மொழியிலும் 56தான். வீட்டில் தமிழில் பொருள் அறிந்த பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளும்.

கருவிகளுக்காகக் கடைக்குப் போக வேண்டாம். முப்பது முட்டை அடுக்கும் அட்டை ஆறைந்தாக இருக்கின்றது. ஒரு நாள் தொழுகையில் ஃபர்ளு 17 ரக்அத்துகள் என்றால் ஒரு வாரத்துக்கு எத்தனை? பத்தை ஏழால் பெருக்கினால் எழுபது, ஏழேழு நாற்பத்தொன்பது, ஆக 119 என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிரித்துப் பெருக்கட்டும். ஜும்ஆவுக்குச் சென்று வரும் மகனிடம், 'ஒரு ஸஃபில் எத்தனை பேர், எத்தனை ஸஃப் நிரம்பியது?' என்று கேளுங்கள். தொழுகையின் நடுவே எண்ணாமல், சலாம் கொடுத்த பின் எண்ணும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!

நம் பகுதியில் பல வீடுகளில் பீடித்தட்டு இருக்கின்றது. புகைப்பொருளான பீடியின் நன்மை தீமை பற்றியும், சுற்றும் பெண்களின் நெஞ்சு நோவு பற்றியும் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். பிள்ளையின் கையில் இலையையும் தூளையும் கொடுத்துவிடாதீர்கள்; குழந்தைகளை அமர்த்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் 1986ஆம் ஆண்டுச் சட்டமே பீடித்தொழிலைச் சேர்த்திருக்கின்றது. கணக்கை மட்டும் கொடுங்கள். கட்டுக்கு 25 பீடி என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு? நாலு கட்டு நூறு, ஆகவே ஆயிரத்துக்கு 40 கட்டு. இன்று 28 கட்டு முடிந்திருக்கின்றது, எத்தனை பீடி? ஏழு நூறு என்று பிள்ளை சொல்லட்டும். கடைக்குக் கொண்டுபோகும் முன் உம்மாவின் கணக்கை மகள் ஒரு முறை சரிபார்த்தால், பாஸ் புத்தகத்தில் எழுதப்படும் எண்ணை அவளால் கேள்வி கேட்க முடியும்.

மகள் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்போரிடம் பாகப்பிரிவினைக் கணக்கு ஒன்றை எடுத்து வைக்க விரும்புகின்றேன். பெற்றோர் முன்னரே காலமாகிவிட்ட ஒருவர், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு மறைகின்றார். கடனும் வஸிய்யத்தும் போக 32 சென்ட் நிலம் மிஞ்சுகின்றது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு வீதம் நான்கு பங்கு. நாலெட்டு முப்பத்திரண்டு. மனைவிக்கு 4 சென்ட், மீதி 28, நாலேழு இருபத்தெட்டு. ஆக மகளுக்கு ஆளுக்கு 7 சென்ட், மகனுக்கு 14. நான்காம் வாய்பாட்டைத் தாண்டாத கணக்கு இது! ஆயினும், 'உனக்கு ஐந்து சென்ட் வரும், கையெழுத்துப் போடு' என்று சொல்லப்பட்டால், எழுந்து நின்று 'இல்லை, ஏழு' என்று சொல்ல நம் பெண்களில் எத்தனை பேருக்கு இயலும்? பக்தாதின் அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய இயற்கணித நூலில் பெரும் பகுதி இத்தகைய வாரிசுக் கணக்குகளே. மக்களுக்கு நாள்தோறும் தேவைப்படுவது என்பதால்தான் அவர் அதை எழுதினார். கணினி உலகம் ஓயாமல் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது.

கைப்பேசியில் கணக்கிடும் வசதி இருக்கும்போது இவ்வளவும் தேவையா என்று கேட்கலாம். கைப்பேசி பெருக்கித் தரும். எதை எதனால் பெருக்குவது என்று சொல்லித் தராது. ஒரு சுழியம் கூடுதலாக அழுந்திவிட்டால், விடை பொருந்தவில்லையே என்று திடுக்கிட வேண்டியது மனிதன்தான்.

பத்தாம் வாய்பாட்டுக்கு மேல் எதுவரை என்று பெற்றோர் கேட்கின்றனர். ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலத்தில் பதினாறாம் வாய்பாடு உயிர்நாடி. 1957இல் நயா பைசா வந்த பின் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. பதினொன்றும் பன்னிரண்டும் அவசியம்; பதினைந்து பயன்படும். மற்றவற்றைப் பத்தும் மீதியுமாகப் பிரித்துப் பெருக்கப் பழக்கினால் போதும். பதிமூவெட்டு வேண்டுமானால் எண்பதும் இருபத்து நான்கும். ஆனால் இருபத்தைந்தாம் வாய்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கால் நூறு, கால் ரூபாய் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆயிரத்துக்கு நாற்பது கட்டு என்று பீடிக் கணக்கில் கண்டோமே, அதே நாற்பதில் ஒரு பங்குதான் ஜகாத். ஆயிரத்துக்கு 25. ரமளானில் வாப்பா ஜகாத் கணக்கெழுத உட்காரும்போது ஐந்தாம் வகுப்பு மகளை அருகில் அழைத்து, '36,000க்கு எவ்வளவு?' என்று கேட்கட்டும். முப்பத்தாறு இருபத்தைந்து என்றால் ஒன்பது நூறு என்று அவள் எந்த வழியாக வந்தாள் என்பதையும் கேட்டுக் கொள்ளட்டும்.